சுப்புராஜ் வைத்த பொட்டு

எங்கள் மாப்பிள்ளை சுப்புராஜைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவேன். ஐந்தாவது வார்த்தைக்குத்தான் யோசிக்க வேண்டும். என் தங்கை செல்லக்கிளியைக் கட்டியவர். திண்டுக்கல்லில் என் சைக்கிள் கடைக்கு அடுத்த கடையில் ஆயில் எஞ்சின் மெக்கானிக். அது 1963. மாடு கட்டிக் கமலை இறைத்த கிணறுகளில் ஒவ்வொன்றாக எஞ்சின் ஏறிக்கொண்டிருந்தது. கிழக்கே சாணார்பட்டி வரைக்கும் எந்தத் தோட்டத்தில் எஞ்சின் இருமினாலும் இவருக்குத்தான் ஆள் வரும். அந்தக் கெத்தில் மனுசர் வீட்டுக்குள் நடப்பதற்கே இடம் போதாது.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. கோளாறு எஞ்சினில் இருக்கலாம், எண்ணெயில் இருக்கலாம், கிணற்றில் இருக்கலாம், எஞ்சின் வாங்கியவன் ஜாதகத்தில்கூட இருக்கலாம். சுப்புராஜ் கையில் மட்டும் இருக்காது.

வேலை முடிந்ததும் ஒரு தகரடப்பாவைத் திறந்து சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து, எஞ்சினுக்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். எண்ணெய் டாங்கியில் ஒரே ஒரு பொட்டு. நல்ல பழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எஞ்சின் அதிர்கிற அதிர்வில் அது உதிர்ந்துபோகிறதென்று அவருக்கு ஒரே விசனம். எங்கள் பூர்வீக வீடு சின்னாளபட்டியில் தறிவீடு. பாவு நூல் விறைப்பாக நிற்பதற்குக் காய்ச்சுகிற கஞ்சியைப் பார்த்தாரோ இல்லையோ, மூளை வேலை செய்துவிட்டது. ஒரு கரண்டிக் கஞ்சி வாங்கிச் சந்தனத்தில் கலந்தார். பொட்டு காய்ந்து, நனைக்காவிட்டால் உளி வைத்தால்தான் வரும் என்கிற பதத்துக்கு வந்தது. அப்புறம் அவரைப் பிடிக்க முடியுமா? டாங்கியோடு நிற்கவில்லை. எங்கெங்கே மூட்டுத் தெரிந்ததோ அங்கெல்லாம் வைத்தார். அடுத்த தடவை போனால் ஈரத்துணியால் பழசைத் துடைத்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவார், முடிந்ததும் புதுசாக வைப்பார்.

"மனுசனுக்கு நெத்தி ஒண்ணு மச்சான். எஞ்சினுக்கு எல்லாமே நெத்திதான்" என்றார்.

சாணார்பட்டிக்குப் பக்கத்தில் ஒச்சாயி என்று ஒரு அம்மா. புருசன் போய்ச் சேர்ந்து மூன்று வருசம் ஆகிறது. கமலை மாடு இரண்டையும் விற்று எஞ்சின் வாங்கி, ஒன்றரை ஏக்கரில் கத்தரி போட்டிருந்தாள். செடி பூத்து நிற்கிற சமயம். மாப்பிள்ளை போய் எண்ணெய் மாற்றிப் பொட்டு வைத்துவிட்டு வந்தார். அப்போது பார்த்து அந்த எஞ்சினுக்கு வேகம் பிடித்துக்கொண்டது. செத்த நேரம் ஒழுங்காக ஓடும். கிணற்றில் தண்ணீர் இறங்கி பம்புக்குப் பாரம் குறைந்ததும், அடங்குவதற்குப் பதிலாக ஓலமிட்டுக்கொண்டு பறக்கும். விட்டால் சக்கரம் தெறித்து ஆளைக் கொன்றுவிடும். ஒச்சாயி ஓடிப்போய் எண்ணெய்க் குழாயை அடைத்து நிறுத்துவாள். அன்றைக்கு அதோடு பாசனம் முடிந்தது.

மாப்பிள்ளை இந்தக் கோளாறுக்கு முதல் தடவை போனவர் எண்ணெயில் தூசி என்று வடிகட்டி ஊற்றிவிட்டு, பொட்டு வைத்துவிட்டு வந்தார். மறுநாளே ஆள் வந்தது. இரண்டாம் தடவை எண்ணெய் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றிக் கழுவினார், பொட்டு வைத்தார். மூன்றாம் தடவை கவர்னரையே பிரித்தார். கவர்னர் என்றால் வேறொன்றுமில்லை, எண்ணெய்ப் புட்டியைக் கையில் வைத்திருக்கிற மாமியார் மாதிரி. பாரம் கூடினால் கொஞ்சம் கூட ஊற்றும், குறைந்தால் கையை இழுத்துக்கொள்ளும். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. மாட்டினார், ஓட்டினார், அருமையாக ஓடியது. பொட்டு வைத்தார். மறுநாள் சாயங்காலம் திரும்பவும் ஆள்.

நாலாம் தடவை நானும் கூடப் போனேன். ஆறு நாளாக முழுசாகத் தண்ணீர் பாயாத கத்தரி, இலையைத் தொங்கவிட்டு நின்றது. பூ காம்போடு உதிர்ந்து கிடந்தது. மாப்பிள்ளை எஞ்சினை மூன்று சுற்றுச் சுற்றிவந்து, "கழட்டி டவுனுக்குக் கொண்டுபோகணும் தாயி. எட்டு நாள் ஆகும்" என்றார்.

"எட்டு நாள் செடி நிக்காதுண்ணே" என்றாள் ஒச்சாயி. பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிற மாட்டீங்களே" என்றாள்.

"சொல்லு."

"அந்தக் கவர்னர்ல இருந்து எண்ணெய்ப் பம்புக்குப் போற கம்பி, முந்தியெல்லாம் மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும். நீங்க பொட்டு வச்சா, ஈரம் இருக்குற மட்டும் ஆடுது. காஞ்சதும் நின்னு போகுது."

மாப்பிள்ளை குனிந்து கம்பியை விரலால் தள்ளினார். அது அசையவில்லை. மூட்டுக்கு மேலே சந்தனம், கஞ்சி, குங்குமம் எல்லாம் சேர்ந்து சிமெண்டுப் பூச்சாகப் பிடித்திருந்தது. மாமியார் புட்டியோடு அப்படியே உறைந்து நிற்கிறாள், எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கிறது.

"தெரிஞ்சுச்சுல்ல, ஒரு ஈரத்துணிய எடுத்துத் தொடச்சிருக்கலாம்ல தாயி?"

"நீங்க தொழில்காரரு, பாத்திருப்பீங்கன்னு இருந்தேன்." அவள் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதுவுமில்லாம குங்குமத்த அழிக்க எனக்குக் கை வரலண்ணே. ஒரு தடவ அழிச்சது போதும்."

மாப்பிள்ளை துணியை நனைத்து ஒவ்வொரு மூட்டாகத் துடைத்தார், சீமெண்ணெய் விட்டுக் கழுவினார். எஞ்சினை ஓடவிட்டு, பம்பின் வால்வை அடைத்துப் பாரத்தைக் குறைத்துப் பார்த்தார். கம்பி தானாக இறங்கியது. சத்தம் அடங்கிச் சீரானது. வால்வைத் திறந்ததும் தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து நல்லுசாமி வரப்பில் வந்து நின்றார். "என்னப்பா கோளாறு?"

"ஏதோ தூசி அடைச்சிருந்துச்சாம். அண்ணன் எடுத்துட்டாரு" என்றாள் ஒச்சாயி.

தப்பித்தார் மனுசர் என்று நினைத்தேன். தலையை ஆட்டியிருந்தால் போதும், கெத்து அப்படியே இருந்திருக்கும்.

"தூசி இல்லண்ணே. நான் வச்ச பொட்டு. அதுதான் கம்பியப் பிடிச்சுக்கிருச்சு" என்றார் மாப்பிள்ளை.

"எங்க எஞ்சினுக்கும் முந்தாநாள் ஆறு எடத்துல வச்சயேப்பா" என்று சொல்லிக்கொண்டே நல்லுசாமி வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மாப்பிள்ளை ஒச்சாயி பக்கம் திரும்பினார். "ஒரு வாரமா உன் செடி வாடுனது என்னாலதான் தாயி. என்னைச் செருப்பால அடிச்சாலும் தகும்."

"அதுக்கு இப்ப நேரமில்லண்ணே. வெயில் எறங்குறதுக்குள்ள கடைசிப் பாத்தி நனையணும். அந்த மம்பட்டிய எடுங்க."

கறை படாமல் வேட்டி கட்டுகிற எங்கள் மாப்பிள்ளை, அதை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினார். ஒவ்வொரு மடையாக வெட்டிவிட்டு, கடைசிப் பாத்தியில் கடைசிச் செடி நனைகிறவரைக்கும் கரையேறவில்லை.