மரிய சுகந்தியின் இருநூற்றைம்பது சுற்று

வில்லியனூருக்கு மேற்கே இருக்கிற அந்தச் செபஸ்தியார் கோயிலில் பூசைக்கு மணி அடித்தால் ஒருத்தரும் அசைய மாட்டார்கள். ஆண்கள் எதிர்க் கடையில் டீயை ஆற்றிக்கொண்டு நிற்பார்கள். பெண்கள் வேப்ப மரத்தடியில் போன ஞாயிற்றுக்கிழமை விட்ட பேச்சை அதே இடத்திலிருந்து பிடிப்பார்கள். ஸ்பீக்கரில் 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம் கிளம்ப வேண்டும். அப்போதுதான் டீ கிளாஸ் கீழே இறங்கும், முந்தானை தலைக்கு ஏறும், வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற வேலம்மாள் கூடையைத் துணி போட்டு மூடுவாள். மரிய சுகந்தி தன் எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒயரைச் செருகிவிட்டாள், அடுத்தது வருகைப் பாட்டு என்று அதற்கு அர்த்தம். பதினோரு வருஷமாக இப்படித்தான் நடந்து வந்தது.

சுகந்திக்கு நாற்பத்து மூன்று வயது. திருபுவனைத் தொழிற்பேட்டையில் காயில், அதாவது கம்பிச் சுருள், சுற்றுகிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை வலது கை மெஷினில் சுற்ற, இடது ஆள்காட்டி விரல் அதை இழுத்துப் பிடித்து வரிசையாக உட்கார வைக்கும். கம்பி அறுந்து போவதற்கு முன்னாலேயே அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். அவள் சுற்றிய காயிலில் ஊசி நுழைய இடமிருக்காது என்று சூப்பர்வைசரே சொல்லுவார், அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அபூர்வம். இருபது வருஷம் ஒரே இடத்தில் கம்பி ஓடியதில் விரலில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

கிட்டார் அவள் கைக்கு வந்தது தற்செயல்தான். கணவன் சேவியர் டாடா ஏஸ் ஓட்டுகிறவன். யாரோ வீடு காலி செய்தபோது வேண்டாமென்று ஒதுக்கிய சிவப்புக் கிட்டாரை, பிள்ளைகள் விளையாடட்டும் என்று வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான். பிள்ளைகள் இரண்டு நாளில் அதை விட்டுவிட்டார்கள், அம்மாதான் விடவில்லை. செல்போனில் வீடியோவைப் பார்த்து, நிறுத்தி, திரும்பப் பார்த்து, குழம்பு அடிப்பிடித்த நாட்களையும் பொருட்படுத்தாமல் கற்றுக்கொண்டாள். அடுத்த வருஷமே பாடகர் குழுவில் சேர்ந்தாள்.

குழுவுக்குத் தலைவர் அந்தோணிசாமி மாஸ்டர். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், கீபோர்டு வாசிப்பார். கோபம் வந்தால் கத்த மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், பாட்டுப் பயிற்சியில் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சுகந்தி, இந்த வருஷம் திருவிழாப் பூசைக்கு ஆயர் வராரு. சீரியல் செட்டு லைட்டு, ஜெனரேட்டரு எல்லாம் போட்டா உன் கிட்டாரு இன்னா கத்து கத்தும்னு உனக்கே தெரியும். கொடியேத்தறதுக்குள்ள அந்த உறுமல நிறுத்து. முடியலன்னா கிட்டார வூட்லயே வெச்சுட்டு வந்து கோரஸ்ல நில்லும்மா."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் அவளுக்கு ஆத்திரம். கம்பெனியில் அவள் ஒரு டோக்கன் நம்பர். வீட்டில் அம்மா, மனைவி, மருமகள். அந்தச் சிவப்புக் கிட்டாரைத் தோளில் மாட்டுகிறபோது மட்டும்தான் அவள் சுகந்தி. அதை எப்படி விட்டுக்கொடுப்பாள்?

கிட்டார் கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்று ஒன்று இருக்கிறது. காந்தத்தைச் சுற்றிக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். மேலே கம்பி அதிர்ந்தால் சுருளில் கரண்டு ஓடும், அதை ஸ்பீக்கர் சத்தமாக்கும். சுகந்தி நாலு திருகைக் கழற்றி உள்ளே பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது காயில்! இருபது வருஷமாகச் சோறு போடுகிற அதே காயில்! அதுவும் எவனோ கடனே என்று சுற்றியது, மேடும் பள்ளமுமாக இருந்தது.

இங்கேதான், காயில் சுற்றுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பை அவள் செய்தாள். கம்பெனியில் எந்தக் காயில் காந்தமாகிப் பலமாக இழுக்க வேண்டுமென்றாலும் சுற்றைக் கூட்டுவார்கள். சத்தம் பலமானால் உறுமல் அதில் அமுங்கிவிடும் என்று கணக்குப் போட்டாள். சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் புளிச்சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, ஏழாயிரம் சுற்று இருந்த இடத்தில் பத்தாயிரம் சுற்றினாள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பக்கத்து மெஷின் செல்வகுமாரி அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள்.

அடுத்த பயிற்சியில் ஒயரைச் செருகினாள். கோயிலுக்கு வெளியே படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. டியூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர், கிறிஸ்துமஸ் குடிலில் இன்னும் கழற்றாத சீரியல் செட்டு என்று அந்தக் கட்டடத்தில் கரண்டு ஓடுகிற எல்லாமே அவள் கிட்டாரில் வந்து பாடின. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் துடைத்தார். கொடியேற்றத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

சவுண்ட் சர்வீஸ் பிரிட்டோ ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுகந்தி அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏம்பா பிரிட்டோ, மைக்குக்கும் அறுபதடி ஒயருதான், எனக்கும் அறுபதடி ஒயருதான். மைக்கு மட்டும் ஏன் உறுமல?"

"மைக்கு லோ இம்பீடன்ஸுக்கா. உன் பிக்கப்பு ஹை."

"தமிழ்ல சொல்லுப்பா."

பிரிட்டோ தலையைச் சொறிந்தான். பிறகு பெட்டியிலிருந்து செத்துப் போன ஒரு மைக்கை எடுத்து, மூடியைத் திருகி, உள்ளே இருந்ததை அவள் உள்ளங்கையில் வைத்தான். சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு சுருள். கொஞ்சமே கொஞ்சம் கம்பி.

"இவ்ளோதானா?"

"அவ்ளோதாங்கா. சுத்து கொறைச்சல், அதனால சத்தமும் கம்மியாத்தான் வரும். ஆனா வழியில கண்டதெல்லாம் உள்ள பூராது. எவ்ளோ நீட்டு ஒயர்ல போனாலும் சுத்தமா வந்து சேரும். சத்தத்த நான் இங்க மிக்ஸர்ல ஏத்திக்குவேன். உன்து நேரெதிரு. ஆயிரக்கணக்குல சுத்தி வெச்சிருக்கிற, ஊருல இருக்கிற எரைச்சல் பூரா அதுல வந்து ஒக்காருது."

சுகந்தி அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெருக்கமாக, நிறையச் சுற்றுவதுதான் அவளுடைய பெருமை. இப்போது குறைத்துச் சுற்று என்கிறான் இந்தப் பையன். மனசு ஒப்பவே இல்லை. ஆனால் கையில் அத்தாட்சி இருக்கிறதே.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் தடித்த கம்பியை எடுத்தாள். ஒரு பிக்கப்புக்கு இரண்டு சுருள், ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்தால் வெளியிலிருந்து வருகிற உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகும். அது அவளுக்கே தெரிந்த வித்தை, போன தடவை சுற்றைக் கூட்டுகிற வேகத்தில் நினைவுக்கு வரவில்லை. எத்தனை சுற்று என்பதுதான் தெரியவில்லை. அதனால் மூன்று பிக்கப் செய்தாள். முதலாவதில் சுருளுக்கு நூறு சுற்று, இரண்டாவதில் இருநூற்றைம்பது, மூன்றாவதில் அறுநூறு.

"இன்னாக்கா, ஒக்காந்த ஒடனே எழுந்துட்ட?" என்றாள் செல்வகுமாரி. "இதெல்லாம் ஒரு காயிலா? போட்டோ கூட எடுக்க முடியாது."

சனிக்கிழமை பிரிட்டோவின் ஷெட்டில் வைத்து மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். அவன் வேண்டுமென்றே பக்கத்தில் ஒரு சீரியல் செட்டை ஓடவிட்டான். நூறு சுற்றில் சத்தம் போதவில்லை, மிக்ஸரை ஏற்ற ஏற்ற உஸ்ஸென்று காற்றுச் சத்தம் வந்தது. அறுநூறில் உறுமல் லேசாக எட்டிப் பார்த்தது. இருநூற்றைம்பதைப் போட்டு ஒயரைச் செருகினாள். ஒன்றுமே கேட்கவில்லை.

"ஒயரு கழண்டுடுச்சாப்பா?"

"மாட்டித்தாங்கா இருக்குது. வாசி."

ஒரு கம்பியைத் தட்டினாள். டிங் என்று பளிச்சென்று ஒலித்தது. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தன் கிட்டாருக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. குஷியில் வருகைப் பாட்டின் முதல் வரியைப் பிடித்தாள். முதல் கார்டே, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டே, எஃப். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்து அழுத்த வேண்டிய கார்டு. ஐந்து கம்பி ஒலித்தது. ஒன்று மட்டும் 'டப்' என்று விழுந்தது.

திரும்ப வாசித்தாள். திரும்பவும் டப். விரலைத் தூக்கிப் பார்த்தாள். செம்புக் கம்பி அறுத்த அந்தப் பள்ளம் இருக்கிறதே, சரியாக அதில் போய் உட்கார்ந்துகொண்டது இரண்டாவது கம்பி. பள்ளத்தில் அழுத்தம் ஏது? பதினோரு வருஷமாக அந்தக் கம்பி செத்தேதான் கிடந்திருக்கிறது. உறுமல் அதை மூடி வைத்திருந்தது, அவளிடமிருந்தும் சேர்த்து.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"கோரஸ்லயே நின்னுடறேன்," என்றாள் சேவியரிடம். "ஆயர் முன்னால எம் மானம் போவணுமா?"

சேவியருக்கு எஃப்பும் தெரியாது, எதுவும் தெரியாது. "நாய் ஓடுனப்ப போவாத மானம் இப்பவா போவப் போவுது?" என்றான். அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் குனிந்து கிட்டாரை வெளியே இழுத்தாள்.

பயிற்சியில் மாஸ்டர் புதுச் சத்தத்தைக் கேட்டார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. "உறுமல் போயிடுச்சு, சந்தோசம். ஆனா எஃப்புல ஒரு கம்பி பேசலியேம்மா. இந்தப் பாட்டுல எஃப் ஆறு எடத்துல வருது." சுகந்திக்குக் காது சிவந்தது. "திருவிழாக்குள்ள பேச வெச்சிடறேன் மாஸ்டர்" என்றாள்.

பள்ளத்தை நிரப்ப முடியாது. ஆனால் விரலைக் கொஞ்சம் உருட்டி, உள்ளங்கைப் பக்கத்தை விட்டுவிட்டு ஓரத்தால் அழுத்தினால் பள்ளம் கம்பிக்கு விலகிப் போகும். சொல்லச் சுலபம். பதினோரு வருஷப் பழக்கத்தை மாற்ற, கொடியேற்றத்திலிருந்து திருவிழா வரை நவநாள் ஒன்பதும் ஆயிற்று. பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்து விரலை உருட்டினாள். அம்மிக் குழவியில் உருட்டினாள். கண்டக்டர் ஒருநாள் "உடம்புக்கு இன்னாம்மா?" என்று கூடக் கேட்டார். பத்தில் ஏழு தடவை சரியாக வந்தது. மூன்று தடவை டப்.

திருவிழா அன்று காலை. வாசலிலிருந்து பீடம் வரை பந்தல், பகலிலேயே எரிகிற சீரியல் செட்டுகள், பின்னால் ஜெனரேட்டர். ஆயர் செங்கோலோடு பவனிக்குத் தயாராக வந்து நின்றுவிட்டார். மணி அடித்தார்கள். சுகந்தி ஒயரைச் செருகினாள்.

நிசப்தம்.

டீக்கடையில் ஒருத்தரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. வேப்ப மரத்தடியில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வேலம்மாள் கூடையை மூடாமல் அடுத்த மெழுகுவர்த்தியை விற்றாள். அதை விடுங்கள், பாடகர் குழுவிலேயே ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களும்தானே பதினோரு வருஷமாக அந்த உறுமலுக்காகக் காத்திருந்து பழகியவர்கள்! பங்குச் சாமியார் திரும்பிப் பார்த்தார். ஆயரும் பார்த்தார்.

மாஸ்டர் கையைக் கீபோர்டுக்கு மேலே தூக்கினார். பிறகு வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சுகந்தி, நீ எடுத்துக் குடு."

"நானா மாஸ்டர்? தனியாவா?"

"கீபோர்டுக்கு எவன் வருவான்? உன் சத்தத்துக்குத்தாம்மா இந்த ஊரு உள்ள வரும்."

அவள் கிட்டாரை நிமிர்த்திப் பிடித்தாள். முதல் கார்டு எஃப். விரலைப் படுக்க வைத்தாள், உருட்டினாள், செம்புக் கம்பியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு உணர்ந்தாள். மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்தாள்.

ஆறும் பேசின. ஜெனரேட்டருக்கும் சீரியல் செட்டுக்கும் நடுவே, பந்தலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டிப் போயிற்று அந்தச் சத்தம். டீக்கடையில் தலைகள் திரும்பின. கிளாஸ்கள் இறங்கின. இரண்டாவது வரிக்குக் குழு சேர்ந்துகொண்டது, மூன்றாவதில் கீபோர்டு சேர்ந்தது, பாட்டு முடிவதற்குள் பந்தல் நிறைந்துவிட்டது. ஆறு எஃப்பில் ஐந்து சுத்தம். ஒன்று டப். அது போகட்டும்.

பூசை முடிந்து கிட்டார்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவளை வேலம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி சுகந்தி, யாரோ வெளியூருலருந்து வந்து வாசிச்சாங்களாமே? நல்லா இருந்துதுடி. கூடைய மூட மறந்துட்டு அப்பிடியே நின்னுட்டேன். உன்ன ஏன் இன்னிக்கு வாசிக்க உடல?"

"நாந்தாங்கா வாசிச்சேன்."

"போடி. பதினோரு வருசமா இங்கதான ஒக்காந்திருக்கிறேன். நீ வாசிக்கிறது எனக்குத் தெரியாதா? 'உர்ர்'னு இல்ல கேக்கும்."

சுகந்தி பையைத் திறந்தாள். வேலம்மாளின் பெஞ்சில் மெழுகுவர்த்திகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, ஒயரும் ஸ்பீக்கரும் இல்லாமல் எஃப்பைப் பிடித்து மெல்ல இழுத்தாள். வேலம்மாள் குனிந்து காதைக் கிட்டாரோடு வைத்துக் கேட்டாள்.

"அட, நீதாண்டி," என்றாள். "இன்னொரு வாட்டி வாசி."