இரண்டாம் பாதிக்கு வந்த சனம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பயம்தான். மற்றப் பிள்ளைகளுக்கு மழை என்றால் போர்வைக்குள் இன்னும் கொஞ்ச நேரம் சுருண்டு கிடக்கலாம் என்ற சந்தோஷம். எனக்கோ ஒன்பது வயதில், கண் விழித்ததும் முதல் வேலை, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே இருந்த அந்தத் தகரத்துக்குக் காது கொடுப்பதுதான். சத்தம் இல்லையென்றால் எழும்பிப் பல் தீட்டப் போவேன். சத்தம் கேட்டால், எங்களை இந்த நாட்டை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று எனக்குள் முடிவாகிவிடும்.

மழைக்கும் நாடு கடத்துவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருந்தது. ஜெர்மனியில், எசன் நகரத்தின் வடக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டி, ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானம் இருந்தது. தொலைக்காட்சியில் வரும் பெரிய கழகங்களின் பிரிவை முதலாவது என்று வைத்து எண்ணிக்கொண்டு இறங்கினால், ஐந்தாவது படியில் நின்ற கழகம் அது. அப்பாதான் அங்கே "பிளாட்ஸ்வார்ட்". அதாவது புல் வெட்டி, வெள்ளைக் கோடு போட்டு, வலை கட்டி, உடை மாற்றும் அறைகளைக் கழுவி, மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர். அந்த வேலையோடு சேர்த்து, உடை மாற்றும் அறைகளுக்கு மேலே இருந்த இரண்டறை வீட்டையும் எங்களுக்குத் தந்திருந்தார்கள். ஈரப் புல்லும், விளையாட்டுக்காரர் காலில் தேய்க்கும் தைலமும், வறுத்த வெங்காயமும் கலந்த ஒரு மணம் படியேறி வந்து எங்கள் உடுப்புகளில் குடியிருக்கும். அம்மா எவ்வளவு சாம்பிராணி காட்டினாலும் அது போகாது. நான் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் வந்து இருந்தாலே மட்ச் நடக்கிறது போல இருக்கிறது என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள்.

எங்களுக்கு அப்போது இருந்தது தற்காலிக விசா. அதைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு "டெர்மின்", அதாவது சந்திக்க ஒரு நாளும் நேரமும், கிடைத்து மூன்று பேரும் போயிருந்தோம். அப்பாவுக்கு ஜெர்மன் மொழி மைதானத்துக்குப் போதுமான அளவில்தான் வரும், அம்மாவுக்கு அதுவும் ஏலாது, ஆகவே மொழிபெயர்ப்பாளர் நான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கோபக்காரர் இல்லை. மெதுவாக, எனக்கு விளங்கும்படியாகவே சொன்னார்: குடும்பம் அப்பாவின் சம்பளத்தில் வாழும் வரை இருக்கலாம், வசந்த காலத்தில் மறுபடி வரும்போதும் அந்த வேலை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பத்தான் வேண்டும். இப்படிப்பட்ட செய்தியை மற்ற வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளிடமிருந்து மறைத்து வைப்பார்கள். எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு அதைச் சொன்னதே நான்தான். "வேலை போனால் நாங்களும் போகவேணுமாம்" என்று என் வாயாலேயே சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே அது விளங்கியது.

டிராமில் வரும்போது அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "இதை வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை பிள்ளை" என்றார். நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கழகத்தின் சுகநலம் எங்கள் வீட்டு நோயாளியின் சுகநலம் மாதிரி ஆகிவிட்டது.

நோயாளிக்குச் சுகமில்லை என்பது இலையுதிர் காலத்தில் தெரிந்தது. விளையாட்டுக்காரரின் சட்டையில் தன் பெயரைப் போட்டுக் காசு கொடுத்துவந்த ஜன்னல் கம்பெனி ஒன்று கையை விரித்துவிட்டது. கீழ் மண்டபத்தில் கழகக் கூட்டம் நடந்தது. மேலே நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு இருக்க, தரை வழியாகச் சத்தம் வந்தது. ஐந்து யூரோவாக இருந்த நுழைவுச்சீட்டை எட்டு ஆக்கப் போகிறார்கள். எட்டு யூரோ கொடுத்து இந்த நொண்டிகளை யார் பார்ப்பது என்று ஒருவர் கத்தினார். சனம் வராவிட்டால் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான் என்று தலைவர் திருப்பிக் கத்தினார். "என்னவாம், ஏன் கத்துறாங்கள்?" என்று அம்மா கேட்டார். பந்தைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றேன்.

விலை ஏறியதும் மைதானத்துக்குள் நின்றவர்கள் பாலத்துக்கு ஏறினார்கள். ரயில் பாதைக்கு மேலே ஒரு நடைபாலம் இருந்தது, அங்கே நின்றால் முழு மைதானமும் இலவசமாகத் தெரியும். பல வருடமாகக் கழகத்துக்கு வந்த ஓய்வூதியக்காரர்கள், கழுத்தில் கழகத்தின் சால்வையைச் சுற்றிக்கொண்டே, பையில் கொண்டுவந்த பியரோடு அங்கே போய் நின்றார்கள். எனக்கு அவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அந்த மூன்று யூரோவுக்காக எங்களை விமானத்தில் ஏற்றப் பார்க்கிறார்களே என்று, ஜன்னலில் நின்று மனதுக்குள் ஒவ்வொருவரையாகத் திட்டுவேன். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

மழை பெய்தால் பாலத்துச் சனம்கூட வராது. இன்னும் கடும் மழை என்றால் நடுவர் வந்து, புல்லை மிதித்துப் பார்த்து, ஆட்டமே இல்லை என்று சொல்லிவிடுவார். ஆட்டம் இல்லையென்றால் வாசலில் ஒரு சதமும் விழாது. அதனால் மழை நாட்களில் அப்பா விடியவே எழும்பி, தள்ளுவண்டியில் மணலை ஏற்றிக்கொண்டு போய்ச் சேறான இடமெல்லாம் கொட்டுவார். அம்மா அந்தோனியார் படத்துக்கு முன்னால் நிற்பார். நான் ஜன்னலில் நிற்பேன். மூன்று பேரும் ஒரே பயத்தோடுதான் நின்றோம், ஆனால் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நுழைவுச்சீட்டு விற்றவரும் கழகத்தின் பொருளாளரும் ஒருவரே, ஃப்ராவ் கிரூகர் என்ற வயதான பெண்மணி. மார்கழி தொடங்கியபோது அவர் படியேறி வந்து, என்னை வைத்து அம்மாவோடு பேசினார். கிறிஸ்மஸுக்கு முந்திய கடைசி ஆட்டத்தின் வசூலைப் பார்த்துத்தான் நிர்வாகம் முடிவெடுக்குமாம். சரியாக வராவிட்டால் தை மாதத்தோடு அப்பாவை நிறுத்திவிடுவார்களாம். சொல்லும்போது அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. நான் மொழிபெயர்த்தேன். இரண்டாவது தடவை என்பதால் ஒரு சொல்லும் தடுமாறவில்லை.

அடுத்த நாளே அம்மா தொலைபேசியை எடுத்துவிட்டார். தமிழ்க் கடை வைத்திருந்த செல்வம் அண்ணையில் தொடங்கி, பூசையில் காணும் குடும்பங்கள், தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் என்று ஒருவரையும் விடவில்லை. விசாவைப் பற்றி மூச்சு விடவில்லை. "ஞாயிறு ரெண்டரைக்கு இவர் வேலை செய்யிற இடத்திலை ஒரு மட்ச். கட்டாயம் எல்லாரும் வாங்கோ. வாசல்லை கொஞ்சம் காசு குடுக்க வேண்டி வரும், குறை நினையாதேங்கோ." எல்லோரும் ஓம் என்றார்கள். தங்கள் வாழ்நாளில் ஒரு மட்சும் பார்த்திராத பெண்கள்கூட ஓம் என்றார்கள்.

அந்த ஞாயிறு மழை இல்லை. இரண்டரைக்கு நடுவர் விசிலை ஊதினார். எங்கள் சனத்தில் ஒரு குஞ்சும் இல்லை. ஜன்னலில் நின்று வாசலையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பாலத்தில் நல்ல சனம். உள்ளே, மரப் படிகளில் அங்கொன்று இங்கொன்றாகச் சில தொப்பிகள். முதல் பாதி முழுவதும் நான் பந்தைப் பார்க்கவேயில்லை, தெருவைத்தான் பார்த்தேன். பின்னால் அம்மாவின் செபமாலை உருளும் சத்தம் நிற்கவேயில்லை.

அந்தக் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் பாதி முடிந்து இரண்டாம் பாதி தொடங்கியதும், சீட்டு விற்கும் கூண்டின் தகர மறைப்பை இழுத்து மூடிவிட்டு, வாசல் கதவை அகலத் திறந்து விடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் காசில்லாமல் உள்ளே வரலாம். மறைப்பு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஃப்ராவ் கிரூகர் தலையைக் குனிந்தபடி கோப்பி குடிக்கப் போனார். அவர் அந்தப் பக்கம் திரும்பவும், இந்தப் பக்கம் முதல் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

ஒன்றன் பின் ஒன்றாக வந்தார்கள். கல்யாண மண்டபத்துக்கு மூன்று மணி என்று அழைத்தால் நாலு மணிக்குப் போகிற சனம், மட்சுக்கு மட்டும் நேரத்துக்கு வருமா? குளிர் ஜாக்கெட்டுக்குக் கீழே பட்டுச் சேலை, தலையில் பூ, கையில் பொரித்த ரோல்ஸ் அடுக்கிய தட்டம், பெரிய தேத்தண்ணிப் போத்தல். திறந்து கிடந்த கதவைக் கண்ட செல்வம் அண்ணை, "பாத்தியளே, எங்களுக்கெண்டு கதவைத் திறந்து வைச்சிருக்கிறாங்கள்" என்று பெருமையோடு சொல்லிக்கொண்டு உள்ளே போனார். மரப் படிகள் நிறைந்துவிட்டன. ஒருவரும் ஒரு சதமும் கொடுக்கவில்லை.

நான் கீழே ஓடி, மூடியிருந்த கூண்டுக்கு முன்னால் போய் நின்றேன். அம்மாவும் வந்து நின்றார். "சொல்லுங்கோ அம்மா" என்றேன். "கூப்பிட்டு வந்த சனத்திட்டை எப்பிடியடி வாய் திறந்து காசு கேக்கிறது?" என்றார். கூண்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மா பயந்ததை நான் அதற்கு முன் வெளிப்படையாகக் கண்டதில்லை.

ஆட்டம் முடிந்தது. யார் வென்றது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ரோல்ஸ் தட்டங்கள் வெறுமையாகி, சனம் எழும்பிச் சிரித்துப் பேசியபடி வாசலை நோக்கி வந்தது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது செல்வம் அண்ணை கூண்டின் மறைப்பில் விரலால் தட்டினார். "பிள்ளை, இதிலை ஆக்களில்லையோ? எங்கை குடுக்கிறது?"

கழக மண்டபத்துக்கு நான் ஓடிய ஓட்டத்தை எங்கள் விளையாட்டுக்காரர் யாரும் அந்த வருடம் ஓடவில்லை. ஃப்ராவ் கிரூகர் வந்து மறைப்பைத் தூக்கிவிட்டு, நீண்டு நின்ற வரிசையைப் பார்த்துத் திகைத்துப்போனார். ஆட்டம் முடிந்துவிட்டதே, இனி எதற்குச் சீட்டு என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். "இதென்ன கதை? எங்கையும் கொண்டாட்டத்துக்குப் போனால் சாப்பிட்டு முடிச்சு, வெளிக்கிடேக்கைதானே குடுக்கிறது" என்றார் செல்வம் அண்ணை. சிலர் இருபது யூரோத் தாளை வைத்தார்கள், சிலர் பெயர் எழுதிய கடித உறையை வைத்தார்கள். மிச்சம் வாங்க ஒருவரும் நிற்கவில்லை. ஃப்ராவ் கிரூகர் முடிந்துபோன ஆட்டத்துக்குச் சுருளிலிருந்து சீட்டுக் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டேயிருந்தார். மேலே பாலத்தில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் இறங்கவில்லை.

அப்பாவை அந்தக் குளிர்காலத்தில் நிறுத்தவில்லை. ஆனால் என் பயம் விலகவில்லை. வசந்தத்தில் அதே அதிகாரி எங்களை முன்னால் இருத்திவைத்து, வேலை இருக்கிறதா என்று கேட்கக் கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் வைக்கப் போகும் நேரத்தில் ஃப்ராவ் கிரூகரின் மூச்சு வாங்கும் குரல் எனக்கே கேட்டது. இருக்கிறது என்றார். விசா கிடைத்தது. அந்தக் கோடையிலேயே கழகம் காசில்லாமல் முறிந்தது. அதற்குள் அப்பாவுக்கு ஒரு பேக்கரியில் வேலை கிடைத்துவிட்டது.

இப்போது அங்கே வரிசை வீடுகள் நிற்கின்றன. தகரக் கூரையும் கூண்டும் இல்லை, கழகத்தின் பெயரும் பக்கத்துக் கழகத்தோடு கலந்து போய்விட்டது. நடைபாலம் மட்டும் நிற்கிறது, அங்கிருந்து பார்க்கத்தான் ஒன்றும் இல்லை. எங்களிடம் ஜெர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது, அப்பா ஓய்வில் இருக்கிறார், நான் டுசல்டோர்ஃபில் இருக்கிறேன். ஆனாலும் மழை பெய்யும் ஞாயிறுகளில் காலையிலேயே அப்பா எனக்குத் தொலைபேசி எடுப்பார், இத்தனை வருடமாக.

"அங்கையும் மழையோ பிள்ளை?"

"ஓம் அப்பா, இஞ்சையும் மழைதான்."

பிறகு, என்னிடம் கேட்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாத ஒரு குரலில் சொல்வார்: "இண்டைக்கு எங்களுக்கு மட்ச் ஒண்டும் இல்லைத்தானே."

"இல்லை அப்பா" என்பேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கும் மூச்சு வரும்.