முறைப்பாட்டில் சேர்ந்த ஒரு வரி

யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம், தகப்பனின் செத்தவீட்டுக்கு யாழ்ப்பாணம் போன என் மனைவி பாரிஸ் திரும்பியபோது, விமான நிலையத்தில் எல்லைப் பொலிஸ்காரன் ஒருவன் அவளை மறித்துவைத்தான். வதிவிட அட்டையில் இருப்பது அவள் முகமில்லையாம். உங்களுக்கெல்லாம் ஒரே முகம்தானே என்று சிரித்தானாம். பிறகு சோதனை என்று தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லி, ஒரு பிளாஸ்டிக் தட்டில் போடவைத்து, மூன்று மணித்தியாலம் தன் மேசையிலேயே வைத்திருந்தான். கல்யாண நாளிலிருந்து கழுத்தைவிட்டு இறங்காத கொடி. வெளியே வந்ததும் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். வாகனத் தரிப்பிடத்தில் வைத்து நான்தான் போட்டுவிட்டேன். கோபத்தில் கொடியின் கொளுவி விரலுக்குப் பிடிபடவேயில்லை.

இரண்டு நாள் கழித்து, "அவன் செய்தது பிழையெண்டு ஆரும் ஒராள் எழுதித் தரவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

பொலிஸ் மீதான முறைப்பாடுகளை விசாரிக்க, பொலிசுக்கு வெளியே ஓர் அலுவலகம் இருப்பதாக வேலையிடத்தில் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில், அகதி வழக்குகளுக்கு எழுதிக்கொடுக்கும் அண்ணை ஒருவர் இருந்தார். என் வழக்கும் அவர் எழுதியதுதான். நடந்ததைக் கேட்டுவிட்டுப் பேனையை மூடினார்.

"அடிச்சவனோ?"

"இல்லை அண்ணை."

"தம்பி, இதை வைச்சு ஒண்டும் செய்யேலாது. கன்னத்திலை அடிச்சவன் எண்டு ஒரு வரி போடுவம். உம்மடை கேசிலையும் கொஞ்சம் கூட்டித்தானே எழுதினனான்."

ஓம் என்றேன். உண்மையாகவே ஊரில் அடிபட்டு வந்தவர்களை அகதி வழக்கில் நம்பாமல் திருப்பி அனுப்பியதைப் பார்த்துப் பார்த்து, நடந்தது எதுவும் அப்படியே எடுபடாது என்று பழகியிருந்தோம். கடிதம் பிரெஞ்சில்தானே இருக்கிறது என்று மனைவிக்கு வாசித்துக்கூடக் காட்டவில்லை. கையெழுத்தை மட்டும் வாங்கினேன். மடையன்.

அதன்பிறகு மாதக்கணக்கில் தபால்பெட்டிதான் என் கோயில். வேலை முடிந்து எங்கள் கார்ஜ் ரயில் ஸ்டேஷனில் இறங்கினால் வீடுவரை ஓட்டமும் நடையும்தான். ஒருவழியாக அந்த அலுவலகத்திலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். விசாரித்த பெண் கடிதத்தைப் பார்த்து, கன்னத்தில் அடித்தாரா என்று கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னதும் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லை. அடிக்கேல்லை."

மிச்சத்தையெல்லாம் நிதானமாகச் சொன்னாள். கொடி கிடந்த தட்டுக்குப் பக்கத்தில் அவன் கோப்பி குடித்தது வரை. அந்தப் பெண்ணும் மரியாதையாகத்தான் எழுதிக்கொண்டாள்.

முடிவு இரண்டு பக்கத்தில் வந்தது. அடித்ததற்குக் கமராவில் சாட்சியம் இல்லை. கடிதமும் வாக்குமூலமும் முரண்படுவதால் மற்றவற்றையும் உறுதிப்படுத்த முடியவில்லை. அவளுக்கு வாசித்துச் சொல்லிவிட்டு, எல்லாரும் ஒரே கூட்டம், ஒருத்தனை ஒருத்தன் காப்பாற்றுவான்கள் என்று குசினிக்குள் நின்று கத்தினேன். அவள் அடுப்பைக் குறைத்தாள்.

"அவன் எனக்குச் செய்தது உங்களுக்குப் போதாமல் போச்சோ?"