சந்தனம் அடைத்த கம்ப்யூட்டர்

போன ஆடியில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. சாப்பிடத்தான் ஆளில்லை.

என் மகள் வள்ளி ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். பல கம்ப்யூட்டர்கள் ஒரே கணக்கைப் பங்கு பிரித்துப் போடுமாம். வேலை தருவதாகச் சொன்ன கம்பெனியில் அது தப்பு விடை தந்தது. ஆடிக் கிருத்திகைக்குள் சரி செய்யாவிட்டால் வேலை இல்லை. அவளுடைய பழைய லேப்டாப்பிலோ விடை சரியாகவே வந்தது. தப்பைக் கண்டுபிடிக்க, சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர் கூட்டம் வேண்டும். கிளஸ்டர் என்றாள். படிப்பு முடிந்தவளைக் காலேஜ் அதைத் தொட விடவில்லை.

நான் மூன்றாவது பெயில், ஆட்டோக்காரன். "அரக்கோணத்துல கிடைக்குமா, வாங்கியாரட்டா?" என்றேன். அழுதுகொண்டிருந்தவள் இன்னும் அழுதாள்.

எங்கள் ஊர் முருகன் மலையைப் பார்த்துக் கேட்டேன். "முருகா, எனக்குத்தான் மூளை வெக்க மறந்துட்ட. அவளுக்கு வெச்சத வீணாக்காத."

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் கரீம் பாய் மூன்று பழைய பெட்டிகளைக் கொடுத்தார். "எடுத்துகினு போண்ணா. வேல முடிஞ்சதும் குடு" என்றார்.

மூன்றையும் இணைத்து ஓட்டிப் பார்த்தாள். அப்போதும் விடை சரியாகவே வந்தது. தப்பு எங்கோ ஒளிந்திருந்தது. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். எனக்கும் முருகன் மேல் நம்பிக்கை ஆடியது.

புது வண்டியை மலைக்குக் கொண்டுபோய்ப் பூசை போடுவோமே, அதுபோல ஒரு பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கற்பூரம் காட்டி, பெட்டி வேகமாக ஓட வேண்டும் என்று வேண்டி, சந்தனத்தை நானே அப்பினேன்.

கடைசியாக ஒருமுறை என்று வள்ளி ஓட்டினாள். அந்தப் பெட்டி கொதித்தது, கணக்கு ஆமையாக நகர்ந்தது.

"நைனா! காத்து போற ஓட்டையெல்லாம் அடைச்சி வெச்சிகிற!"

"சாமி சந்தனம்மா. ஓட்ட எங்கெங்க இருந்திச்சோ அங்கங்க வெச்சேன்."

முடிந்தது, பெண்ணின் வாழ்க்கையைப் பூசி மெழுகிவிட்டேன் என்று உட்கார்ந்தேன். திட்டிக்கொண்டிருந்தவள் திரைப் பக்கம் குனிந்தாள். அதில் கம்பெனியில் வந்த அதே தப்பு விடை!

"இந்தப் பொட்டி லேட்டா முடிக்குது நைனா. மத்த ரெண்டும் இதுக்குக் காத்துகினு இல்லாம கணக்க முடிச்சிடுது. எல்லாம் ஒரே வேகத்துல ஓடினதால இவ்ளோ நாள் தெரியல."

காத்திருக்கும்படி மாற்றி எழுதினாள். சரியாகிவிட்டது. கிருத்திகையன்று பூக்காவடி எடுத்தேன். இன்று அவள் சென்னையில் வேலையில் இருக்கிறாள்.

வேகமான பெட்டி கேட்டேன், அவன் மெதுவான பெட்டி தந்தான். அன்றிலிருந்து, எப்படிச் செய்ய வேண்டும் என்று அவனுக்கு நான் சொல்லிக் கொடுப்பதில்லை. கை விட்டுப் போனது என்று அழுகிறவர்களே, அவனிடம் கேளுங்கள். கொஞ்சம் காத்திருங்கள். சந்தனத்தை மட்டும் நெற்றியில் வையுங்கள்.