பினாயில் வாடை அடித்த பால்

நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், வடக்குத்து கிராமத்து ஓரமாக ஆறு எருமைகள் வைத்து நான்தான் டவுன்ஷிப்புக்குப் பால் ஊற்றினேன். சாணிக் குவியல் நாறுகிறது, கொட்டகையைப் பிரிக்க வேண்டும் என்று ஒரு பெரிய படிப்பாளி அதிகாரி மனு எழுதிவிட்டார். என் பிழைப்பே அந்தக் கொட்டகைதான்.

சுகாதார ஆய்வாளர் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார்.

“ஒரு வாரம் டயம். தினமும் பினாயில் ஊத்து. அப்பவும் நாறினா பிரிச்சிடுவோம்.”

“பினாயில் வாடை பால்ல ஏறிக்கும்ங்க. நான் மண்ணு போட்டு மூடிடறேங்க.”

“எத்தனாவது படிச்சே?”

“ரெண்டாவதுங்க.”

“அப்போ சொன்னதைச் செய்.”

செய்தேன். மூன்றாம் நாள் மனு எழுதிய அதிகாரியின் மனைவி என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “என்னப்பா பால் இது? காபி குடிச்சா ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கு!”

“உங்க வூட்டு ஐயா எழுதிக் குடுத்த மருந்துங்க” என்றேன். உள்ளே ஐயா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

அன்றே பினாயிலை நிறுத்தினேன். சாணியைக் குழியில் தள்ளி, முந்திரிச் சருகும் சுரங்கத்து மண்ணும் போட்டு அன்றாடம் மூடினேன். வாரக் கடைசியில் ஆய்வாளர் வந்து மோந்து பார்த்தார்.

“குவியல் எங்கய்யா?”

“நீங்க நின்னுகினு இருக்கறதே அது மேலதாங்க.”

துள்ளி இறங்கினார். கொட்டகை தப்பியது. நாற்றம் பினாயிலால்தான் நின்றது என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார், படித்தவர்.