அம்மா வெளியே வந்தாள்

1960களின் கடைசியில் ஜெர்மனியில், எர்லாங்கன் நகரில் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு காலை மாடிப்படிகளை யாரோ மருந்துத் தண்ணீரால் கழுவியிருந்தார்கள். அந்த நெடி பட்டதும் படியிலேயே நின்றுவிட்டேன். கோயம்புத்தூரில் நான் சிறுமியாக இருந்தபோது பிளேக் வந்து தெருவெல்லாம் தெளித்த மருந்தின் நெடி அது.

காய்ச்சல் கண்டவர்களை ஊருக்கு வெளியே இருந்த கொட்டகைக்கு வண்டியில் ஏற்றிப் போவார்கள். போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததும் அப்பா அவளை நெல் குதிருக்குப் பின்னால் படுக்கவைத்துவிட்டு, என்னிடமும் தம்பியிடமும் வாய் திறக்கக் கூடாது என்றார்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வாசலுக்கு வந்தார்.

"ஊட்ல யாருக்காச்சும் காய்ச்சலுங்களா?"

"இல்லைங்க. சம்சாரம் அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்குதுங்க" என்றார் அப்பா. தம்பி என் கையை நசுக்கினான்.

இன்ஸ்பெக்டர் எங்களை உற்றுப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குத் திரும்பினார்.

அப்போது அம்மா சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். "எனக்குத்தானுங்க காய்ச்சல். கொழந்தைகள இந்த ஊட்ல வெக்காதீங்க."

"ஏன் புள்ள வந்தே?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நான் ஓடினேன். "கிட்ட வராதே சாமி" என்று அம்மா கையை நீட்டித் தடுத்தாள். பிறகு தானாகவே வண்டியில் ஏறினாள்.

எங்களை அன்றே வேறிடத்துக்கு மாற்றினார்கள். எங்கள் மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா திரும்பவில்லை.

"ஏம்மா அழறே?" என்று மகன் மேலிருந்து இறங்கி வந்தான். அவனிடம் அதுவரை நான் இதைச் சொன்னதில்லை. ஈரப் படியில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன்.