லட்சுமி படத்துக்குப் பின்னால் இருந்த சீட்டு

பட்டணத்து டாக்டரே, என் மனைவியின் தாடை எலும்பு போனதற்கு நீங்கள்தான் காரணம்.

அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவில் எனக்கு மளிகைக் கடை. அவள் புகையிலை அடக்குபவள். கன்னத்தின் உட்புறம் புற்று வந்தது. உங்கள் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கரண்ட் வைத்தீர்கள். கதிர் சிகிச்சைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். புற்று கரைந்தது. அதற்கு அன்றே கும்பிட்டுவிட்டேன்.

வாய் வெந்துபோய் ஊர் திரும்பினாள். எச்சில் ஊறவில்லை. நர்ஸம்மா சொல்லியிருந்தபடி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்பும் ஆப்பச் சோடாவும் போட்டு நாளைக்கு ஆறு தடவை கொப்பளித்தாள். மோர்ச் சோற்றைக் குழையப் பிசைந்து நான்தான் கொடுப்பேன். கொப்பளிக்கும்போது கன்னம் உப்ப நிற்கிறவளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். துப்பிவிட்டுச் சொல்வாள்:

“இன்னா பாக்கறீங்க? இருவது வருசமா உங்களால என் வாய மூட முடியல. உப்புத் தண்ணி மூடிடுச்சு.”

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதி, பத்திரமாக வைத்துக்கொள் என்றீர்கள். வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் கடையில் பத்திரம் என்றால் லட்சுமி படத்துக்குப் பின்னால்தான். மஞ்சள் தடவி அங்கே செருகினேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினேன்.

இரண்டு வருடத்தில் கடைவாய்ப் பல் சொத்தையாகி வலித்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பிடுங்கினார். அவர்மேல் குற்றமில்லை, கரண்ட் வைத்ததை நாங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது. புண் மூடவே இல்லை. மூன்று மாதத்தில் எலும்பு வெளியே தெரிந்தது.

மறுபடி உங்களிடம் ஓடிவந்தோம். மஞ்சள் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டீர்கள்:

“எங்களைக் கேக்காம பல்லைப் பிடுங்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேனே, படிக்கலையா?”

சீழ் வடியும் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அவள்தான் பதில் சொன்னாள்:

“அவர திட்டாதீங்க சார். சாமிகிட்ட குடுத்தாரு. அதுக்கும் இங்கிலீஷ் தெரியல.”

கரண்ட் பட்ட எலும்பில் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது என்பதும், கெட்ட பல்லைக் கரண்ட் வைக்கும் முன்பே எடுத்திருக்க வேண்டும் என்பதும் அன்றுதான் என் காதில் விழுந்தது.

தாடையில் பாதியை எடுத்தீர்கள். அதன் பிறகும் ஒன்பது வருடம் என் கையால் கஞ்சி குடித்தாள், உப்பு பத்தவில்லை என்று ஜாடை காட்டிக்கொண்டே.

என் தப்பைக் கடைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இனி உங்கள் முறை. பல்லைத் தொடாதே என்று தமிழில் ஏன் வாயால் சொல்லவில்லை? எனக்குத் தனியாகக் கடிதம் வேண்டாம். கரண்டுக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் முன்னால் நின்று பதில் சொல்லுங்கள்.